ஃபோர் வீல் டிரைவ் இல்லாமலே மணல் கடலைக் கடந்தவர்... யார் இந்த ரால்ஃப் பேக்னால்ட்?

தார், ஜிம்னி மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் மணலில் இறங்கும் முன் செய்யும் முதல் வேலை, டயரில் காற்றைக் குறைப்பது. வண்டி புதைந்துவிட்டால், சக்கரத்துக்கு அடியில் நீளமான பலகையைச் சொருகுவது அடுத்த வேலை. இந்த இரண்டையும் கிட்டத்தட்ட 100 வருஷத்துக்கு முன்பே லிபியப் பாலைவனத்தில் செய்து காட்டியவர் ரால்ஃப் பேக்னால்ட். அவருடைய காரில் ஃபோர் வீல் டிரைவே கிடையாது என்பதுதான் இதில் செம மேட்டர்.

1896-ல் இங்கிலாந்தின் பிளிமத் பகுதியில் பிறந்தவர். அப்பா ராணுவ இன்ஜினீயர். அக்கா ஈனிட் பேக்னால்ட் பிரபல எழுத்தாளர். முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படித்தார். 1926-ல் எகிப்தில் போஸ்டிங். லீவு கிடைத்தால் போதும், நண்பர்களோடு சொந்தக் காசில் வாங்கிய ஃபோர்டு கார்களில் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார். எடையைக் குறைக்க, காரின் பாடியைக் கழற்றிவிட்டு மரப்பெட்டியைப் பொருத்திக்கொண்டார்கள்.

குறி வைத்தது எகிப்து - லிபியா எல்லையில் இருக்கும் பெரும் மணல் கடல். 100 மீட்டர் உயர மணல் மேடுகள் வரிசை கட்டி நிற்கும் இடம். வழியில் கிணறு கிடையாது, தேடி வர ஆளும் கிடையாது. கார் நின்றுவிட்டால் நடந்தே திரும்பிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குடிக்கிற தண்ணியைக் குடிக்கும் கார்

பெரிய தலைவலி ரேடியேட்டர். மணலில் முக்கி முக்கி ஓடும்போது தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். அதை நிரப்ப, மனிதர்கள் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில்தான் கை வைக்க வேண்டும். எனவே ஆவியை ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் கேனுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும். இன்ஜின் சூடு ஆறியதும் ரேடியேட்டர் அதைத் தானாகவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்து, திசை. காரில் இருக்கும் இரும்பு காந்த ஊசியைக் குழப்பிவிடும். அதனால் வட்டத் தட்டில் நிற்கும் ஒரு ஊசியின் நிழலைப் பார்த்து, ஓடும் வண்டியிலேயே திசை அறியும் கருவியை உருவாக்கினார். இந்த யோசனைகளுக்கு முதல் உலகப் போர்க்கால ராணுவ கார் படைகளிலேயே விதை இருந்தது. பேக்னால்ட் குழு அவற்றைச் செம்மைப்படுத்தியது. சக்கரத்துக்கு அடியில் போட கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, பதுங்குகுழிக்குக் கூரை போடும் இரும்புத் தகடு!

மணல் மேட்டில் ஏறுவதுதான் உச்சம். மெதுவாக ஏறினால் புதையும். பேக்னால்ட் மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் வேகமெடுத்து நேராக ஏறினார். காற்று வீசும் பக்கம் மணல் இறுகிக் கிடப்பதால் கார் மேலே போய்விட்டது. ஆனால் உச்சியைத் தாண்டினால் மறுபக்கம் சுமார் 34 டிகிரி சரிவு. நிறுத்தத் தெரியாவிட்டால் கார் தலைகுப்புற விழும்.

போருக்கு அழைத்த விபத்து

மணல் ஏன் இப்படிக் குவிகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1935-ல் ராணுவத்தை விட்டு, லண்டனில் காற்றுச் சுரங்கம் கட்டி ஆராய்ந்தார். 1941-ல் வந்த அவரது புத்தகம் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை நூல்.

நடுவில் போர் வந்தது. 1939-ல் கென்யாவுக்குப் போகவேண்டியவர், கப்பல் மோதலில் சிக்கியதால் எகிப்தில் இறங்கினார். அந்த விபத்து மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்? 1940-ல் ஜெனரல் வேவல் அனுமதியோடு, ஆறே வாரத்தில் 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' தயாரானது. இத்தாலிப் படைகள் எதிர்பார்க்காத மணல் கடல் வழியாக அவற்றின் முதுகுப் பக்கம் போய் நின்றது.

அந்தப் படைக்கு முதலில் வாங்கியவை டூ வீல் டிரைவ் செவ்ரோலெட் ட்ரக்குகள். 1941-ல் ஃபோர் வீல் டிரைவ் ஃபோர்டுகள் வந்தன. கனம் அதிகம், பெட்ரோலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடித்தன. எல்லாவற்றையும் சுமந்துகொண்டே போகும் படைக்கு இது கட்டுப்படியாகுமா? பேக்னால்ட் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, 1942-ல் அந்தப் படை மறுபடியும் டூ வீல் டிரைவ் செவ்ரோலெட்டுக்கே மாறியது.

பேக்னால்ட் 1990-ல், 94 வயதில் காலமானார். 2015-ல் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் செவ்வாய் கிரகத்தில் ஆராய்ந்த கருமணல் மேடுகளுக்கு அவர் பெயர்தான். அந்த ரோவருக்கு ஆறு சக்கரமும் டிரைவ்!