பிராட்வே சந்து முதல் சேத்துப்பட்டு பங்களா வரை
கணித மேதை ராமானுஜம் சென்னையில் ஜாகை மாறிய கதை

சென்னையில் வீடு தேடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். வாடகை கட்டுமா, ஆபீசுக்கு எவ்வளவு தூரம், பக்கத்தில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா?

பெரிய பெரிய கணக்குகளைப் போட்ட சீனிவாச ராமானுஜமும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை. 32 வருஷமே வாழ்ந்த அந்த மனிதர் இந்த ஊரில் மாறிய ஜாகைகளை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதாது!

எழும்பூரில் தூங்கினார்

1887 டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில் பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய குமாஸ்தா. கணக்கைத் தவிர வேறு பாடம் படிக்காததால் கும்பகோணம் காலேஜில் உபகாரச் சம்பளம் போயிற்று.

1906-ல் சென்னைக்கு ரயில் ஏறினார். எழும்பூரில் இறங்கியதும் அலுப்பு தாங்காமல் ஸ்டேஷனிலேயே தூங்கிவிட்டாராம். யாரோ ஒரு புண்ணியவான் எழுப்பி, வீட்டுக்குக் கூட்டிப் போய் சோறு போட்டு வழி சொல்லி அனுப்பினார் என்பார்கள்.

அவர் சேர்ந்தது பச்சையப்பன் கல்லூரி. அது அப்போது சைனா பஜாரில் இருந்தது. பாட்டியின் ஜாகை பிராட்வே பழக்கடைகளை ஒட்டிய சந்தில். காலேஜுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் காற்றோட்டம் கிடையாது. சில மாதத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து ஊருக்குத் திரும்பினார். 1907-ல் தனியாகப் பரீட்சை எழுதியும் பாஸ் ஆகவில்லை.

நண்பர்கள் அறையில்

1909-ல் ஜானகியுடன் கலியாணம். பெண்ணுக்குப் பத்து வயசு. வேலை தேடி மறுபடி சென்னை வந்தவருக்குத் தனி ஜாகைக்கு வழி இல்லை. நண்பர்கள் இடம் கொடுத்தார்கள். சேப்பாக்கம் விக்டோரியா விடுதியில் ஒரு நண்பரின் அறையில் ஒண்டிக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். பெரிதாகக் காசு தேறவில்லை.

அப்புறம்தான் திருவல்லிக்கேணி. சாமி பிள்ளை தெருவில் சம்மர் ஹவுஸ் என்ற வீட்டில் கல்யாணமாகாத பையன்கள் பலர் சேர்ந்து தங்கியிருந்தார்கள். ராமானுஜமும் அங்கே ஒருவர் ஆனார். பார்த்தசாரதி கோவிலும் கடற்கரையும் நடை தூரம். ஐயங்கார் வீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாசம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். அந்தத் தயவிலேயே எத்தனை நாள் காலம் தள்ளுவது?

துறைமுகத்தில் 30 ரூபாய்

1912 பிப்ரவரியில் சம்மர் ஹவுஸ் விலாசம் போட்டு துறைமுகத்துக்கு மனு எழுதினார். மார்ச் 1-ந்தேதி குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். குடித்தனம் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் அமைந்தது. ஜானகியும் வந்து சேர்ந்தார்.

இந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றும் நெரிசல், இன்றும் நெரிசல். ஆனால் துறைமுகம் கூப்பிடு தூரம். ராத்திரி பூரா கணக்குப் போட்டுவிட்டு விடியற்காலை படுத்து, இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து வேலைக்குப் போவாராம். வீடு தூரத்தில் இருந்தால் அந்தத் தூக்கமும் வழியிலேயே போயிருக்கும். ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு எதற்கு என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்கணும்.

துறைமுகத்தில் சிப்பம் கட்டும் காகிதம் கிடைத்தால்கூட அதிலும் கணக்குதான். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடுவாசி. அவர் வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

1913 ஜனவரி 16-ந்தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போட்டார். நாலே மாதத்தில் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் கொடுத்தது. வேலைக்குப் போக வேண்டாம், கணக்குப் போட்டால் போதும்!

அந்த 75 ரூபாயில் அவர் எங்கே குடிபோனார் தெரியுமா? மறுபடி திருவல்லிக்கேணி, அனுமந்தராயன் கோவில் தெரு. துறைமுகத்தை விட்டபின் ஜார்ஜ் டவுனில் அவருக்கு என்ன வேலை? 1914 மார்ச் 17-ந்தேதி கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜிலும் இதே கதை. முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெவில் என்ற பேராசிரியர் வீடு. ஒன்றரை மாதத்தில் ஹார்டியின் அறையிலிருந்து சில நிமிஷ நடையில் உள்ள காலேஜ் விடுதிக்கு மாறினார். 1918-ல் ராயல் சொசைட்டி கவுரவம் வந்தது. நோயும் கூடவே வந்தது.

இடம் சொன்னது டாக்டர்

1919 ஏப்ரல் 2-ந்தேதி சென்னை திரும்பினார். இப்போது அவர் பெரிய மனிதர். பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் தருவதாகச் சொல்லியிருந்தது. எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம்.

ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கைவிட்டுப் போயிருந்தது. க்ஷயரோகம் என்றார்கள் வைத்தியர்கள். அந்தக் காலத்தில் அதற்கு நல்ல காற்றைத்தான் மருந்தாகச் சொல்வார்கள். நெரிசலான தெரு ஆகாது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, லஸ், பிறகு கொடுமுடி, கும்பகோணம் என்று ஊர் ஊராக மாற்றினார்கள். (குடலில் வந்த அமீபா நோய் கல்லீரலைத் தாக்கியிருக்கலாம் என்று 1994-ல் ஒரு டாக்டர் எழுதினார்.)

1920 ஜனவரியில் சேத்துப்பட்டு, ஹாரிங்டன் ரோடு. தோட்டமும் மரமுமாக விசாலமான பங்களாக்கள். மூன்று மாதத்தில் அங்கேயே மூன்று வீடு! குட்சியா, அப்புறம் கிரைனன்ட், கடைசியில் கோமேத்ரா. கிரைனன்ட் பெயரில் அழுகையைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தை இருப்பது அபசகுனமாகப் பட்டதாம். சேத்துப்பட்டு என்ற பெயரையே, எல்லாம் சட்டுப்புட்டென்று முடியப் போகிறது என்று சொல்லிச் சிரித்தாராம்.

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. தாயார் கோமளத்தம்மாளுக்கும் ஜானகிக்கும் ஒத்துப்போகவில்லை. ராமானுஜம் படுத்தபடியே காகிதத்தை நிரப்பினார். ஜானகி வேளைக்கு வேளை ஒத்தடம் கொடுத்தார், எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்தினார். அந்த ஒரு வருஷத்தில் எழுதியவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடைத்து உலகக் கணித அறிஞர்களைத் திகைக்க வைத்தன.

1920 ஏப்ரல் 26-ந்தேதி காலை கோமேத்ராவில் உயிர் பிரிந்தது. கடல் கடந்து போனவர் என்று சொல்லி உறவுக்காரர்கள் பலர் சாவுக்குக்கூட வரவில்லை. துணையாக நின்றவர்கள் நாராயண ஐயரும் ராமச்சந்திர ராவும்தான்.

ஜானகி சில வருஷம் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தார். தையல் கற்றுக்கொண்டு சென்னை திரும்பினார். பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷன் மாசம் 20 ரூபாய். அதோடு தையல் கூலியும் சேர்த்துக் குடித்தனம் நடத்த அவர் பிடித்த இடம், புருஷன் விரும்பிக் குடிபோன அதே திருவல்லிக்கேணி. ஒரு பையனையும் எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994 ஏப்ரலில் இறக்கும் வரை அந்தப் பேட்டையை அவர் விடவில்லை.