ஒடெசா நகரத்துக் கண் மருத்துவர் ஃபிலாத்தோவ்

நம் ஊரார் 'பூ விழுந்த கண்' என்பர். கண்ணின் முகப்பில் கடிகாரக் கண்ணாடி போல் தெளிவாக அமைந்த கருவிழிப் படலம் புண்பட்டு வெளுத்துவிடின், உள்ளிருக்கும் விழித்திரை நலமாக இருந்தும் பயனில்லை. அப்படலத்தை மாற்றிப் பொருத்தும் சிகிச்சையை எளியோர்க்கும் எட்டச் செய்தவர் விளாதிமிர் ஃபிலாத்தோவ்.

1875ஆம் ஆண்டு இரஷ்யாவின் பென்சா மாகாணத்தில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1897இல் மாஸ்கோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1911இல் ஒடெசா நகரில் பேராசிரியரானார். ஓவியம் தீட்டுவார், கவிதையும் எழுதுவார்.

அவருக்கு முன்பே, 1905 டிசம்பர் 7ஆம் நாள், எட்வர்ட் சிர்ம் என்பவர் சுண்ணாம்பால் பார்வை இழந்த தொழிலாளி ஒருவருக்குக் கருவிழி பொருத்தி வெற்றி கண்டிருந்தார். ஆயினும் அக்கருவிழி, காயத்தால் அகற்ற நேர்ந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கிடைத்தது. ஒருவர் பார்வை பெற, உயிரோடிருக்கும் மற்றொருவர் கண்ணை இழக்க வேண்டியிருந்தது. இந்நிலையில் எத்தனை பேருக்குத்தான் உதவ இயலும்?

ஃபிலாத்தோவ் 1912இல் செய்த முதல் கருவிழி மாற்று தோல்வியுற்றது. அவர் விடவில்லை. இறந்தோர் கண்களை உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், 2 முதல் 4 பாகையில், காத்து வைத்தால் அவை பயன்படும் என்று கண்டார். 1931இல் அவ்வழியில் வெற்றியும் பெற்றார். வெட்டும்போது உள்வில்லை காயமுறாதபடி கருவியும் அமைத்தார். 1936இல் அவருக்கென ஒடெசாவில் தனி நிறுவனம் எழுந்தது. அவர் பெரிதும் நம்பிய திசு மருத்துவம் உலகில் நிலைபெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1956இல் மறைந்தார்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிக் குடும்பங்கள் நன்கறிந்த எழும்பூர் கண் மருத்துவமனையில், 1945இல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா நாட்டின் முதல் கண் வங்கியை நிறுவினார். 1948இல் இந்தியாவின் முதல் கருவிழி மாற்றும் அவர் கையாலேயே நடந்தது.

அந்நாளில் முழுக் கனத்தையும் வெட்டி மாற்றினர். அம்முறை இன்றும் ஆழ்ந்த தழும்புக்குத் தேவை. ஆனால் தையலால் பார்வை கோணலாகும். வெட்டிய இடம் வாழ்நாள் முழுதும் அடிபடலாகாது. இப்போது முன்னடுக்கு மட்டும் கெட்டிருந்தால் அதனை மட்டுமே மாற்றுவர். நோயாளியின் சொந்த உள்ளடுக்கு நிலைப்பதால், அவ்வடுக்கை உடல் ஒதுக்கித் தள்ளும் அச்சமில்லை. உள்ளடுக்கு கெட்டவர்க்குச் சிறு துளை வழியே மெல்லிய ஏட்டைச் செலுத்திக் காற்றுக் குமிழியால் ஒட்டச் செய்வர். சில நாள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். பார்வை விரைவில் தெளியும். எனினும் உள்ளடுக்கின் உயிரணுக்கள் பெருகுவதில்லை, ஆண்டுதோறும் குறையும். கூம்பு விழியினர்க்குப் பொருத்தியது நெடுங்காலம் நிற்கிறது. அமிலமும் சுண்ணாம்பும் பட்டு இரத்தக் குழாய் படர்ந்த கண்ணில் அவ்வாறில்லை. எம்முறையாயினும் கண் சிவந்து, வலித்து, மங்கினால், பத்தாண்டு கழிந்திருப்பினும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுத்தாக வேண்டும். துக்க வீட்டில் யார் கண் வங்கிக்குச் சொல்லியனுப்புவது என்ற தயக்கத்திலேயே பொழுது போய்விடுவதை நாம் கண்டிருக்கிறோம். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடலாம். கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்ட முதியோரும் கண் அளிக்கலாம்.