ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ

யப்பான் தேசத்திலே கோபே நகருக்கு அண்மையிலுள்ள மிக்காகே என்னும் ஊரில் 1860ஆம் ஆண்டு பிறந்தவர் ஜிகோரோ கானோ. கல்வியிற் சிறந்தவர், உடலோ சிறியது. பள்ளியில் வலிய மாணாக்கரால் துன்புற்ற அவர், மெலியோன் வலியோனை வீழ்த்தும் ஜூஜுட்சுக் கலையைக் கற்க அவாவினார். தந்தையார் இசைந்திலர். பல்கலைக்கழகம் புகுந்த 1877ஆம் ஆண்டிலேதான் புக்குடா ஹச்சினோசுகே என்னும் ஆசான் வாய்த்தார்.

புக்குடாவின் போதனை விநோதமானது. ஒருநாள், ஆசான் தம்மை வீழ்த்திய விதம் விளங்காத கானோ, கையை எங்கே வைப்பது, காலை எப்படி எடுப்பது என்று வினவினார். ஆசான் விடை கூறாது மீண்டும் தூக்கி எறிந்தார். மறுபடி வினவ, மறுபடியும் எறிந்தார். உடம்பு அறியாததை வாயாற் சொல்லி என்ன பயன் என்பது அப்பெரியாரின் கொள்கை போலும். அன்றிரவு கானோவின் முதுகு பட்ட பாட்டை நாம் ஊகிக்கலாம்!

அங்கே புக்குஷிமா என்னும் பருத்த தோழர் ஒருவர் இருந்தார். கற்ற பிடி எதற்கும் அவர் அசையவில்லை. கானோ நூலகஞ் சென்று, மேனாட்டு மற்போரிலே எதிரியைத் தோள்களின் குறுக்கே ஏற்றி எறியும் முறையொன்றைக் கண்டு பழகினார். பருத்தவரும் வீழ்ந்தார்.

1882இல் தோக்கியோவிலே எய்ஷோஜி என்னும் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த கூடத்திலே கொடோக்கான் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். கானோவுக்குப் பிரியமான இடுப்பெறியைச் சீடர் சைகோ ஷிரோ தாண்டிக் குதித்துத் தப்பப் பழகிக்கொண்டார். தாண்டியவரின் காலை ஆசானின் கால் வாரிவிட்டது. புதியதோர் எறி பிறந்தது.

கித்தோ மரபின் ஆசான் ஈக்குபோ ஐம்பது வயதைக் கடந்தவர். எனினும் கானோவை எளிதில் எறிபவர். ஏறக்குறைய 1885இல் ஒருநாள் நிலைமை தலைகீழாயிற்று. பிடித்த கைவழியே எதிரியின் நிலை குலையும் கணத்தைக் கானோவின் உடல் தானே உணர்ந்து எறிந்தது. முதலில் நிலையைக் குலைத்தல், பின்பே எறிதல் என்னும் நுட்பம் அவருக்குத் தெளிவாயிற்று. இனித் தாம் கற்பிக்க ஏதுமில்லையென்று ஈக்குபோ ஒதுங்கிக்கொண்டார். தோல்வியை இத்துணை மகிழ்வோடு ஏற்ற குருமார் அரியர்.

1891இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய கப்பலில் ருஷிய அதிகாரி ஒருவர் பலம் பார்க்க அழைத்தார். கானோ அவரை எறிந்தார். எறிந்த கையே அவர் தலை தளத்தில் மோதாது தாங்கிற்று. யோசித்துச் செய்ய அங்கே நேரமேது?

1938 மே 4ஆம் நாள், கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுவின் கூட்டத்திற்குச் சென்று நாடு திரும்பும் வழியில், ஹிக்காவா மாரு என்னும் கப்பலிலே அன்னாரின் உயிர் பிரிந்தது.