சுவாமி சகஜானந்தர்

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியே புதுச்சேரிக்குச் செல்லும் சாலையை அறியாதார் நம்மில் இலர். அச்சாலை தொடங்கும் திண்டிவனத்தில் ஏழைச் சிறுவராய்ப் பயின்ற ஒருவர், பிற்காலத்தில் தென்னார்க்காட்டுச் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறந்தார். அவரே சுவாமி சகஜானந்தர். நம் வெள்ளி விழா மலரில் அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் வரைதல் நம் கடன் எனக் கருதுகிறோம்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 27-1-1890 அன்று அண்ணாமலை, அலமேலு தம்பதியர்க்குப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் நன்கு பயின்று வந்தும், மதம் மாற இசையாமையால் படிப்பு இடையிலேயே நின்றது. பின்னர்ப் பிழைப்பு நாடிக் கோலார் தங்கவயல் சென்ற குடும்பத்தாருடன் சில காலம் உழைத்தார். சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, நூல்கள் பல கற்றுத் துறவு பூண்டார். குருநாதர் ஆணைப்படி 1910இல் சிதம்பரம் வந்தார்.

தில்லை, நந்தனார் வரலாற்றோடு பிணைந்த தலம். துறவி ஒருவர் அங்கே மடம் அமைத்துப் பூசையில் அமர்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார். சுவாமிகளோ 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தோர் 25 பிள்ளைகளே. அக்காலத்தில் பள்ளிகள் பல அக்கிரகாரங்களிலும் ஊர்த்தெருக்களிலும் இருந்தன. சேரிப் பிள்ளை அத்தெருவில் கால் வைத்தாலே பூசல் எழும். ஆகவே பள்ளி தொடங்கியதே பெரிது எனலாம். ஆயினும் பள்ளியோடு விடுதியையும் சேர்த்து நடத்தியதையே நாம் இன்னும் பெரிதாகப் போற்றுகிறோம்.

காரணம் கூறுவோம். மரக்காணம் உப்பளங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்களை நாம் அறிவோம். விடியுமுன் தாயும் தந்தையும் பாத்திக்குப் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்ணின் வேலை. உப்பு விளையும் மாதங்களில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் உண்மை புலப்படும். அத்தகைய பிள்ளைக்குப் பள்ளிக் கட்டடம் மட்டும் என்ன செய்யும்? மூன்று வேளைச் சோறும், படுக்க இடமும், இரவில் படிக்க விளக்கும் வேண்டும். இதனைச் சுவாமிகள் அன்றே உணர்ந்தார். அதற்காக ஊர் ஊராய்ச் சென்று செல்வரிடமும் எளியோரிடமும் பொருள் திரட்டினார். பள்ளி படிப்படியே உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.

1926இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். நாடு விடுதலையுற்ற பின்னர் 1952, 1957 பொதுத் தேர்தல்களிலும் சிதம்பரம் தொகுதியில் வெற்றி பெற்றார். பதவி வந்தபோதும் காவியையும் பள்ளியையும் விட்டாரில்லை. அவரைத் துறவியென வணங்குவோர் பலர். விடுதிக்கு அரிசி தேடி அலைந்தவர் என நினைவுகூர்வோர் சிலரே. இது நமக்குச் சற்று வருத்தமே.

1-5-1959 அன்று, சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்போதே, சுவாமிகள் இயற்கை எய்தினார். அவர் நிறுவிய பள்ளியைப் பின்னர் அரசு ஏற்றது. இன்று அது அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி என்னும் பெயரால் சிதம்பரத்தில் நடந்து வருகிறது.