கோல் போட்ட சிப்பாய் தியான் சந்த்



சாயங்காலம் லேப் முடிந்து மைதானத்தில் இறங்குகிற நம்மில் பலருக்கும் வீட்டில் ஒரு கேள்வி காத்துக்கொண்டிருக்கும். விளையாட்டு சோறு போடுமா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் ஹாக்கி வீரர் தியான் சந்தின் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தியான் சிங் என்பதுதான் அவருடைய இயற்பெயர். 1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தார். தகப்பனார் ராணுவத்தில் வேலை பார்த்தவர். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு வேற ஊர் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பையன் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. கடைசியில் ஜான்சியில் குடியேறினார்கள். சின்ன வயதில் அவருக்கு மல்யுத்தத்தில்தான் ஆசையாம், ஹாக்கி மேல் பெரிய ஆர்வமெல்லாம் இல்லை.

1922-இல், அதாவது என்னைவிட ஒரு வயது குறைவாக இருந்தபோது, சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். ஹாக்கி மட்டை கையில் ஏறியது அங்கேதான். பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர்தான் அவருக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். பகல் முழுக்க டியூட்டி, அணிவகுப்பு. ஆட நேரம் கிடைப்பதே இருட்டிய பிறகுதான். அப்போது மைதானத்தில் மின்விளக்கு ஏது? நிலா வரும்வரை காத்திருந்து, அந்த வெளிச்சத்தில் தனியாகப் பந்தை உருட்டிப் பழகுவாராம். அதனால்தான் சந்திரன் என்று பொருள்படும் 'சந்த்' பெயரோடு ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள்.

நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு விஷயம். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டையாக இருக்கும், மறுபக்கம் உருண்டை. தட்டையான பக்கத்தால் மட்டும்தான் பந்தை ஆட வேண்டும். இடப்பக்கமிருந்து பந்தை வலப்பக்கம் இழுக்க வேண்டுமென்றால் மணிக்கட்டைச் சுழற்றி, மட்டையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். அதுவும் மேடுபள்ளமான புல்தரையில், ஓடிக்கொண்டே! சென்டர் பார்வர்டு ஆடிய தியான் சந்துக்கு இந்த மணிக்கட்டு வேலை கைவந்த கலை.

1926-இல் ராணுவ அணி நியூசிலாந்துக்குப் போனது. 21 ஆட்டத்தில் 18 வெற்றி, 2 டிரா, ஒன்றே ஒன்றுதான் தோல்வி. அணி போட்ட 192 கோலில் நூறுக்கு மேல் இவர் போட்டது. திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக் ஆனார். சிப்பாய்க்கு மேல் ஒரு படி, அவ்வளவுதான்.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பம்பாயில் கப்பலேறிய அணியை வழியனுப்ப வந்தது மூணே மூணு பேர்! அங்கே 5 ஆட்டம், இந்தியா போட்டது 29 கோல், வாங்கியது பூஜ்யம். இறுதிப் போட்டியன்று முக்கியமான ஆட்டக்காரர்கள் சிலர் காய்ச்சலும் காயமுமாகப் படுத்துவிட்டார்கள், தியான் சந்துக்கே உடம்பு சரியில்லை. இருந்தும் ஹாலந்தை 3-0 என்று வென்றார்கள். அந்த ஒலிம்பிக்கில் அவர் கணக்கில் 14 கோல். திரும்பி வந்தபோது அதே பம்பாய் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஜெயித்த பிறகு கூட்டத்துக்கு என்ன குறை!

அடுத்த ஒலிம்பிக் 1932-இல். அணித் தேர்வுக்காக நடக்கும் போட்டியில் ஆட அவருடைய படைப்பிரிவு லீவு தரவில்லை. ஆமாம் நண்பர்களே, உலகத்திலேயே பெரிய ஹாக்கி வீரருக்கு லீவு கிடைக்கவில்லை! ஹாக்கி சம்மேளனம் எழுதிக் கேட்டும் பலிக்கவில்லை. கடைசியில் தேர்வுப் போட்டி ஆடாமலே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாக்கிக்கு வந்தது மூன்றே அணிகள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அமெரிக்காவுக்கு எதிரான ஸ்கோர் 24-1. அதில் 10 கோல் தம்பி ரூப் சிங் போட்டது, 8 கோல் அண்ணன் போட்டது. அந்தச் சுற்றுப்பயணம் முழுவதும் 37 ஆட்டத்தில் இந்தியா 338 கோல், அதில் இவருடையது 133. கூடைப்பந்து ஆடுகிற நம்ம பசங்க அமெரிக்க வீரர் வில்ட் சேம்பர்லைன் 1962-இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். ஆனால் ஒண்ணு ரெண்டு கோலுக்கே மூச்சு வாங்குகிற ஆட்டத்தில் 133 என்றால் அதை எதோடு ஒப்பிடுவது?

1935-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பயணம். 48 ஆட்டம், 584 கோல், அதில் தியான் சந்த் 201. அடிலெய்டில் கிரிக்கெட் வீரர் பிராட்மேன் இவரைச் சந்தித்து, கிரிக்கெட்டில் ரன் எடுப்பதுபோல் கோல் போடுகிறாரே என்று வியந்தார்.

1936 பெர்லின்தான் உச்சம். இப்போது அவர் கேப்டன். போனதும் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றுப்போனார்கள். தூக்கம் போயிற்று. ஊருக்குத் தந்தியடித்து, தாரா என்ற ஆட்டக்காரரை விமானத்தில் வரவழைத்தார்கள். இறுதிப் போட்டியில் மறுபடியும் அதே ஜெர்மனி. மழையால் ஆகஸ்ட் 14-ஆம் தேதி ஆட்டம் 15-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். எல்லோரும் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், கேப்டனே பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய் என்பதை நினைத்துப் பாருங்கள்! இடைவேளை வரை ஒரே ஒரு கோல்தான். தரை ஈரம், கால் வழுக்குகிறது. இடைவேளைக்குப் பிறகு ஆணி பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினார் தியான் சந்த். 8-1! அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா போட்டது 38 கோல், வாங்கியது அந்த ஒன்று மட்டும். சரியாகப் பதினோரு வருஷம் கழித்து அதே தேதியில் நாடு சுதந்திரம் அடைந்தது.

ஹிட்லர் அவரைக் கூப்பிட்டு வேலை தருகிறேன் என்றார், மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. அவற்றுக்குள் நான் போகவில்லை. ஸ்கோரே போதுமே!

உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் இரண்டும் நடக்கவில்லை. அவருடைய நல்ல வயசு அதில் போனது. 1947 கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்தவர்கள், தியான் சந்த் வந்தால்தான் அணி வரலாம் என்று நிபந்தனை போட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் போய் 22 ஆட்டத்தில் 61 கோல் போட்டுவிட்டு வந்தார். 1952-இல் அவருடைய சுயசரிதை 'கோல்' வெளியானது. அதைப் போட்டது நம்ம மதராஸிலிருந்து வந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகை என்பதில் எனக்கொரு பெருமை. 1956-இல் மேஜராக ஓய்வு பெற்றார், அதே ஆண்டு பத்மபூஷணும் கிடைத்தது. பிறகு பாட்டியாலாவில் பயிற்சியாளராக இருந்தார்.

அதற்கப்புறம் படித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜான்சியில் கடைசிக் காலத்தைக் காசுக்குக் கஷ்டப்பட்டுக் கழித்தார். தன் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதை அவர் விரும்பவில்லை, அதில் வருமானம் இல்லை என்றே சொல்லிவந்தார் என்று மகன் அசோக் குமார் பேட்டிகளில் கூறியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்க அப்பா அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையில் ஆடு ஏற்றி இறக்குகிறவர். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான்தான். பந்து விளையாடிவிட்டு லேட்டாகப் போனால், டிப்ளமோவை முடிடா, அப்புறம் ஆடலாம் என்பார். அவருக்குத் தியான் சந்த் யாரென்று தெரியாது. ஆனால் தியான் சந்தும் தன் வீட்டில் அதையேதானே சொல்லியிருக்கிறார்! அப்பா மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி, இத்தனை கோல் போட்டவரை அப்படிச் சொல்ல வைத்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டது.

மகன் அசோக் குமார் அப்பா பேச்சைக் கேட்கவில்லை. 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 2-1 என்று வென்றபோது வெற்றி கோல் அவர் போட்டதுதான். அந்தக் கோப்பைக்குப் பிறகு நாலு வருஷம் தியான் சந்த் உயிரோடு இருந்தார். ஈரல் புற்றுநோய் வந்து டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பொது வார்டில் சேர்க்கப்பட்டு, 1979 டிசம்பர் 3-ஆம் தேதி காலமானார்.

அவர் பிறந்தநாள் இப்போது தேசிய விளையாட்டு தினம். டில்லி தேசிய ஸ்டேடியத்துக்கு 2002-லும், கேல் ரத்னா விருதுக்கு 2021-லும் அவர் பெயரை வைத்தார்கள். தபால் தலை அதற்கெல்லாம் முன்பே, அவர் இறந்த மறு வருஷமே வந்துவிட்டது. அதே 1980-இல்தான் நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையில் போன அணி மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது. அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை. எட்டு மாசத்துக்கு முன்பே ஜான்சியில், அவர் ஆடிப் பழகிய ஹீரோஸ் மைதானத்திலேயே தகனம் செய்துவிட்டிருந்தார்கள்.

- இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், அய்யலூர்