சட்டைக்குள் இருந்த தோலேடு

பிரான்சு தேசத்துக் கிளெர்மோன் நகரிலே 1623ஆம் ஆண்டு பிறந்த பிளேஸ் பாஸ்கல், மூன்று வயதிலே தாயை இழந்தவர். தந்தையார் எத்தியேன் கணிதத்தில் வல்லவர்; எனினும் மகன் முதலிற் பண்டை மொழிகளைக் கற்றல் வேண்டுமெனக் கருதிக் கணித நூல்களை மறைத்து வைத்தார். மறைத்த பொருளின்மேலே பிள்ளைமனம் செல்லுதல் ஆசிரியராகிய எமக்குப் புதிதன்று. கரித்துண்டினால் நிலத்திலே கோடுகள் வரைந்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணமாதலைப் பன்னிரண்டாம் வயதிலே தாமே கண்டனர் என்று தமக்கையார் எழுதியுள்ளார்.

வரிக்கணக்கிலே தந்தையார் படும் பாட்டைக் குறைக்கவெண்ணிப் பற்சில்லுகளாற் கூட்டலும் கழித்தலும் செய்யும் யந்திரமொன்றை இளமையிலேயே இயற்றினார். 1648இல் தமக்கையின் கணவரைக் கொண்டு புயி தெ தோம் மலைமேற் பாதரசக் குழாயை ஏற்றுவித்து, உயரம் மிகக் காற்றின் அமுக்கம் குறைதலை நிறுவினார். 1654இல் பெர்மா என்னும் அறிஞரோடு கடித வாயிலாக ஆராய்ந்து நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடிகோலினார். அப்பொழுது வயது முப்பத்தொன்று.

புகழ் ஓங்கிய அவ்வாண்டிலேதான் அவர் உள்ளம் வறண்டுகிடந்தது. துறவு பூண்டு போர் றோயல் மடத்திலிருந்த தங்கை ஜாக்குலினிடம் சென்று, உலக வாழ்விலே தமக்கு வெறுப்புத் தோன்றியும் இறைவன்பால் ஈர்ப்புச் சிறிதும் தோன்றவில்லையென்று வருந்தினார். உலகம் நிலையாதென அறிவு காட்டிற்று. அன்பை அது தரவில்லை. யந்திரம் செய்தவருக்கும் அஃது இயலாதாயிற்று.

நவம்பர் 23ஆம் நாள் இரவு பத்தரை மணியளவிலிருந்து நள்ளிரவு கடந்து அரைமணி வரை, அவர் உள்ளத்திலே இறையனுபவமொன்று நிகழ்ந்தது. நிகழ்ந்ததை ஒருவரிடமும் கூறினாரல்லர்.

அதன்பின் அவர் அறிவைத் துறந்துவிட்டார் என்பாரும் உளர். அஃது பொருந்தாது. உருளும் சில்லின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைகோட்டை அவர் நுணுகி ஆராய்ந்தது 1658இலே. அறிவின் ஆட்சி எதுவரை செல்லும் என்பதையும் அறிவுகொண்டே அளந்தார்; அவ்வெல்லைக்கு அப்பால் இறைவனை நம்பி நின்றார். சமயத்தை நிலைநாட்ட ஒரு பெருநூல் செய்யத் தொடங்கித் துண்டு துண்டாகக் குறிப்புகள் எழுதினார். நோய் அதனை முற்றுவிக்க விடவில்லை. அக்குறிப்புகளே 1670இல் 'சிந்தனைகள்' என வெளிவந்தன.

இறுதிக் காலத்திலே தம் இல்லத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தை வைத்திருந்தார். அவர்தம் பிள்ளைக்கு வைசூரி கண்டது. நோயுற்ற குழந்தையை வெளியேற்ற மனம் ஒப்பாமல், தாமும் நோயாளியாயிருந்தும் தமக்கை வீட்டிற்குச் சென்றார். அங்கே 1662 ஓகஸ்ட் 19ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார்.

சில நாட்கள் கழிந்தன. அவருடைய சட்டையைக் கையிலெடுத்த பணியாளன், துணியினூடே ஏதோ தடித்திருத்தலை உணர்ந்து தையலைப் பிரித்தான். உள்ளே மடித்த தோலேடு ஒன்றும் காகிதமொன்றும் இருந்தன. அந்த இரவின் நாளும் நாழிகையும், தீயும் கண்ணீரும் மகிழ்வும், தத்துவ நூலார் வாதத்துக்கு எட்டாது முன்னோர்க்கு வெளிப்பட்ட கடவுளைத் தாம் கண்ட செய்தியும் தொடர்பற்ற சொற்களாய் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. எட்டாண்டுகளாகச் சட்டை மாற்றுந்தோறும் தையலைப் பிரித்தெடுத்துப் புதுச் சட்டையிலே அவரே வைத்துத் தைத்திருக்கிறார். வீட்டார் ஒருவரும் அறிந்திலர்.