ரவி வர்மா கையெழுத்து இருந்தா, அது ரவி வர்மா வரைஞ்சதா?

களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க வீடு இருக்கா? அங்க பூஜை அறையில ஒரு பழைய லட்சுமி படம், ஓரத்துல ரவி வர்மா கையெழுத்து. விலை பேசுறதுக்கு முன்னாடி, அந்த மனுஷரோட கதையைத் தெரிஞ்சுக்கோங்க.

1848-ல் கிளிமானூரில் பிறந்தவர் ரவி வர்மா. 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே எண்ணெய் வண்ண நுணுக்கங்களைப் பிடித்துக்கொண்டார். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் பரிசு. பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாக அழைப்பு.

அவர் தனியா போகலை. தம்பி ராஜ ராஜ வர்மாவும் கூடவே போனார். பல படங்களில் பின்னணி தம்பியின் கை. அவர் எழுதிய நாட்குறிப்பே அதற்குச் சாட்சி. அசல் ஓவியத்திலேயே இரண்டு கை இருக்கலாம்னா, அச்சுப் படத்தில்?

1894-ல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கு ஒரு கல் என்று அவர் ஓவியத்தைப் பார்த்துக் கல்லில் வரைந்தவர்கள் அச்சகக் கலைஞர்கள். நஷ்டம் தாங்காமல் 1901-ல் அச்சகத்தை ஜெர்மானியரான ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கு விற்றார். 1906-ல் ரவி வர்மா இறந்தார். அதன் பிறகும் அவர் பெயரில் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? கையெழுத்தை விடுங்க, கோட்டைப் பாருங்க. மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் சுண்ணக்கோல் ஓவியங்களிலும் இதே பாடுதான். குருவைப் பார்த்துச் சீடர்கள் வரைந்த நகல்கள் ஏராளம். லியோனார்டோ இடது கைக்காரர் என்பதால், நிழல் கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது அங்கே ஒரு தடயம். உங்க லட்சுமிக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். முகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. மேலே வார்னிஷ் பளபளப்பதைப் பார்த்து ஏமாறாதீங்க, அச்சுப் படத்துக்கும் அதைப் பூசுவார்கள். தூரிகைத் தடம் தெரிந்தால் நிபுணரிடம் காட்டுங்க. 1979 முதல் ரவி வர்மாவின் அசல்கள் தேசியக் கலைச் செல்வம். வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

அச்சுதான்னு தெரிஞ்சா தூக்கிப் போட்டுடாதீங்க. 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரைக்கும் திருவிதாங்கூர் கோயில்களுக்குள் பல சாதியினர் கால் வைக்க முடியாது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அந்தத் திருவிதாங்கூர்தான். அசல் அரண்மனைச் சுவரில் இருந்தது. கோயில் வாசல் மூடியிருந்த வீட்டுக்குள்ளும் சாமியைக் கொண்டுவர முடிந்தது, யாரோ பெயர் தெரியாதவர் கல்லில் வரைந்த இந்த நகலால்தான்.